எண்பதில் தொடங்கும் நடுக்கம்

கடலூர் முதுநகர்,
2.6.2025

அன்புள்ள அனுப்பிரியாவுக்கு,

கொளஞ்சியப்பன் மாமா எழுதுவது. கவரின் மேல் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். பிப்ரவரியிலிருந்து என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். அதனால்தான் தபால். கடைசியாக நான் கடிதம் எழுதியது உன் அக்கா பவானியை எனக்கு நிச்சயம் செய்த மாதத்தில். எப்படி ஆரம்பிப்பது என்பதே மறந்துவிட்டது.

விஷயம் இதுதான். போன வியாழக்கிழமை கிள்ளை ரோட்டில் ஆட்டு மந்தை குறுக்கே வந்ததாம். நீ பிரேக்கை மிதித்ததும் ஸ்டியரிங் கையை உதறிவிட்டு ஆடியதாம். பக்கத்தில் இருந்த உன் வீட்டுக்காரர் ஸ்ரீதர் பயந்துபோய், காரை விற்றுவிடலாம் என்கிறாராம். பவானி சொன்னாள். ஆட்டுக்கும் ஆளுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சிதம்பரத்தில் இரண்டு இடத்தில் காட்டியும் சரியாகவில்லையாமே. உன் கோபம் என்மேல். வண்டி என்ன பாவம் செய்தது? டிசம்பரில் நீ அதை வாங்கியபோது முன் சக்கரத்து பிரேக் டிஸ்க், பேட் எல்லாம் புதிதாக நான்தான் போட்டேன். என் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வா. வர மனசில்லை என்றால் என்ன செய்கிறது என்றாவது எழுது. எந்த வேகத்தில் ஆடுகிறது, சத்தம் கடகடவென்றா, கீச்சென்றா என்று

இல்லை, சத்தத்தை விடு. யோசிக்காமல் எழுதிவிட்டேன். எழுதியதை அடித்தால் இன்னும் அசிங்கமாகத் தெரியும், அப்படியே இருக்கட்டும்.

மாமா


சிதம்பரம்,
5.6.2025

மாமாவுக்கு,

தபாலுக்குத் தபால். போனில் பிளாக் அப்படியேதான் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் ஒரு நாளைக் காணோம். பிப்ரவரி ஒன்பதாம் தேதி, உங்கள் வீட்டுக் காதுகுத்து. பந்தி முடிந்ததும், வீட்டோடு சேர்ந்த ஒர்க்‌ஷாப் வாசலில் உங்களிடம் வந்து, "மாமா, பிரேக் புடிச்சா ஸ்டியரிங் லேசா நடுங்குது" என்று சொன்னேன். சாவியை வாங்கிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தீர்கள். இறங்கியதும் முப்பது பேர் முன்னால் சொன்னீர்கள்: "ஒண்ணுமே இல்ல. காது கேக்காததால ஒனக்கு எல்லாமே நடுங்கறா மாதிரி தெரியுது." நான் உதட்டைப் பார்த்துப் படிக்கிறவள், மாமா. ஒரு சொல் விடாமல் பார்த்தேன். சிரித்தவர்களையும் பார்த்தேன்.

ஆறு வயதில் மூளைக்காய்ச்சலில் காது போனது. அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருஷமாக எனக்குச் செய்தி சொல்வது கையும் காலும் முதுகும்தான். தெருவில் தண்ணீர் லாரி வந்தால் தரையில் தெரியும். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால் சுவரில் தெரியும். அப்படிப்பட்ட நான், நீங்கள் சொன்ன பிறகு, என் கையையே சந்தேகப்பட ஆரம்பித்தேன். நடுக்கம் மாதா மாதம் வளர்ந்தது. வண்டியில் ஒன்றும் இல்லை, என் மனசுதான் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

இந்தக் கார் என் வேலை. மண் பரிசோதனைக் கூடத்துக்காக கிள்ளையிலிருந்து ஸ்ரீமுஷ்ணம் வரை வயல் வயலாகப் போய் மண் எடுத்து வருகிறேன். கார் இல்லையென்றால் உள்ளே உட்கார்ந்து பைகளுக்குச் சீட்டு ஒட்ட வேண்டியதுதான். புவனகிரியிலிருந்து ஒருவர் 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காரைப் பார்க்க வருகிறார். ஸ்ரீதர் பேசி முடித்துவிட்டார்.

நீங்கள் கேட்டது: எண்பதில் போகும்போது பிரேக்கை மெதுவாக மிதித்தால் நடுக்கம் தொடங்கும். நாற்பதுக்கு இறங்கினால் அடங்கும். பிரேக்கைத் தொடாமல் நூறில் போனாலும் ஒன்றுமில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒருவர் பேட் மாற்றினார். இன்னொருவர் டயரைக் குறை சொல்லி வீல் பேலன்ஸ் செய்தார். இரண்டுக்கும் மாறவில்லை.

கடலூருக்கு வர மாட்டேன்.

அனுப்பிரியா


கடலூர் முதுநகர்,
7.6.2025

அனு,

பிப்ரவரியைப் பற்றி மூன்று தாள் எழுதிக் கிழித்தேன். அது சரியாக வரும்போது எழுதுகிறேன். முதலில் வண்டி.

நீ எழுதியதைப் படித்ததுமே பாதி காரணங்களை ஒதுக்கிவிட்டேன். பிரேக் தொடாதபோது நடுக்கம் இல்லை என்றால் டயரிலோ பேலன்ஸிலோ குறை இல்லை. அவை கெட்டிருந்தால் எப்போதும் ஆடும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் என்றால், பிரேக்கிலேயேதான் எங்கோ இருக்கிறது. முன்பக்கமா பின்பக்கமா என்று தெரிய வேண்டும்.

விடிந்ததும் பைபாஸ் காலியாக இருக்கும்போது ஸ்ரீதரையும் ஏற்றிக்கொண்டு போ. பின்னால் வண்டி வருகிறதா என்று அவர் பார்த்துக்கொள்ளட்டும். எண்பதிலிருந்து மெதுவாக பிரேக் பிடி. நடுக்கம் ஸ்டியரிங்கில் வருகிறதா, உட்காரும் சீட்டில் வருகிறதா, காலுக்குக் கீழே பெடலில் வருகிறதா என்று பார். சீட் ஆடினால் பின் சக்கரம். ஸ்டியரிங் ஆடினால் முன் சக்கரம். பிறகு நேரான ரோட்டில் நாற்பதில் போகும்போது, ஹேண்ட் பிரேக்கின் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இழு. வெடுக்கென்று இழுத்துவிடாதே, வண்டி திரும்பிக்கொள்ளும். அது பின் சக்கரங்களை மட்டும் பிடிக்கும். அப்போது ஆட்டம் இல்லையென்றால் பின்பக்கத்தை மறந்துவிடலாம்.

மனப்பிரமை என்று நினைத்துக்கொண்டு ஒன்றையும் எழுதாமல் விட்டுவிடாதே. எல்லாவற்றையும் எழுது.

மாமா


சிதம்பரம்,
11.6.2025

மாமா!

கண்டுபிடித்துவிட்டேன்! எந்தச் சக்கரம் என்றே கண்டுபிடித்துவிட்டேன்!

நிதானமாகச் சொல்கிறேன். நேற்று விடியற்காலை போனோம். எண்பதில் பிடித்தால் ஸ்டியரிங் இடவலமாகத் துடிக்கிறது. பெடலும் காலுக்குக் கீழே துடிக்கிறது. சீட்டில் ஒன்றும் இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் வண்டி பூனை மாதிரி நிற்கிறது. அப்படியானால் முன்பக்கம். அதோடு உங்கள் பரீட்சை முடிந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. முன்பக்கத்தில் இரண்டு சக்கரம் இருக்கிறதே!

இன்று காலை கிள்ளை போகும் வழியில், ஒரு வீடுகூடக் கட்டாத மனைப்பிரிவுக்குள் காரைக் கொண்டுபோனேன். ஆள் நடக்கும் வேகத்தில் உருட்டிக்கொண்டு, பிரேக்கை இறகு வைப்பது போல மிதித்தேன். பெடல் மெல்ல எழும்பிற்று. அடங்கிற்று. மறுபடி எழும்பிற்று. சீராக, நாடி மாதிரி. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஒரு துடிப்பு என்று தோன்றியது.

இரண்டு முன் டயரிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். ஸ்ரீதரை இறக்கி, காருக்குச் சற்று முன்னால் பக்கவாட்டில் நடக்கச் சொன்னேன். கோடு தரையைத் தொடும்போதெல்லாம் அவர் கையைத் தூக்க வேண்டும். நேராக ஓட்டினால் இரண்டு சக்கரமும் ஒரே மாதிரி சுற்றும், பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் வட்டமடித்தேன். வட்டத்தில் வெளிச்சக்கரம் அதிகமாகச் சுற்ற வேண்டும் அல்லவா? முதலில் இடது சக்கரத்தைப் பார்க்கச் சொன்னேன். அவர் கை தூக்குவதும் என் காலில் துடிப்பதும் முதலில் சேர்ந்து வந்தன. பிறகு விலகின. விலகிக்கொண்டே போயின. அப்புறம் வலது சக்கரம். கை, துடிப்பு. கை, துடிப்பு. எட்டு வட்டம் மாமா, ஒன்றுகூடத் தவறவில்லை!

ஸ்ரீதர் வேர்த்து விறுவிறுத்து கண்ணாடிப் பக்கம் ஓடி வந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியல அனு, ஆனா ஒவ்வொரு தடவையும் நான் கை தூக்கறப்ப நீ தலைய ஆட்டுன. நீ வீல பாக்கவே இல்ல" என்றார். அவர் முகத்தில் இப்படி ஒரு சிரிப்பை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

வலது முன் சக்கரம். என்ன ஆகியிருக்கும்? சீக்கிரம் எழுதுங்கள். 22ஆம் தேதிக்கு இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது.

அனு


கடலூர் முதுநகர்,
13.6.2025

அனு,

உன் கடிதத்தை ஒர்க்‌ஷாப்பில் நின்றபடியே படித்தேன். வட்டமடித்த இடம் வந்ததும் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். இருபத்தைந்து வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். எந்தப் பக்கம் என்று தெரிய இரண்டு பக்கமும் கழற்றித்தான் பார்த்திருக்கிறேன். சாக்பீஸும் வட்டமும் எனக்குத் தோன்றியதே இல்லை. பவானியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். "எந்தங்கச்சி" என்று சொல்லி ஒரு ஆட்டம் ஆடினாள்.

அப்புறம் தனியாக உட்கார்ந்தேன். வலது முன் சக்கரம். டிசம்பர்.

டிஸ்க் உட்காரும் இடத்துக்கு ஹப் என்று பெயர். அதன் முகத்தில் துரு இருந்தால், கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் புது டிஸ்க்கை வைக்க வேண்டும். உன் வண்டியில் இடது பக்கத்தைத் தேய்த்தது நினைவிருக்கிறது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, நாலு வண்டி வாசலில் நின்றது. வலது பக்கம் தேய்க்கவில்லை. அப்படியே வைத்து முடுக்கிவிட்டேன்.

துருவின் மேல் உட்கார்ந்த டிஸ்க் மயிரிழை கோணலாகச் சுற்றும். முதல் நாள் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசி உரசித் தேயும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போனதும் டிஸ்க் ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்துவிடும். பிரேக் பிடித்தால் அந்தத் தடிப்புத்தான் ஸ்டியரிங்கை உதறுகிறது. பேட் மாற்றினால் போகாது.

பிப்ரவரியில் உன் கைக்குத் தெரிந்தது அதன் ஆரம்பம். அன்றைக்கே நான் கழற்றித் தேய்த்திருந்தால் அரை மணி நேர வேலை. நான் பாட்டைப் போட்டுக்கொண்டு ஐம்பதில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து உன்னைச் சொன்னேன். தப்பு என் கையால் நடந்தது. அதைச் சொன்ன உன்னை முப்பது பேர் முன்னால் சிரிக்க வைத்தேன்.

கிழித்த தாள்களில் எழுத வராதது இதுதான். மன்னித்துக்கொள் என்று கேட்கும் அளவுக்கு எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

மாமா


சிதம்பரம்,
16.6.2025

மாமாவுக்கு,

படித்துவிட்டு அழுதேன். ஸ்ரீதர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தார். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. என் கை பொய் சொல்லவில்லை! நாலு மாதமாக நான் சுமந்துகொண்டிருந்தது இறங்கிவிட்டது.

கோபம் இறங்கவில்லை. இரண்டு மடங்காகியிருக்கிறது. அந்த ஆடுகள் இன்னும் நாலடி கிட்டே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால் நினைவை நம்பி டிஸ்க் மாற்ற விட மாட்டேன். பேட்தான் என்று ஒருவர் சொன்னார், டயர்தான் என்று இன்னொருவர் சொன்னார். நீங்கள் துரு என்கிறீர்கள். அளந்து காட்டுங்கள். கோணலை அளக்கும் கருவி உங்களிடம் இருக்கிறது அல்லவா? அதை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை 21ஆம் தேதி வாருங்கள். மறுநாள் புவனகிரிக்காரர் வருவதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

பஸ் நேரத்தை மெசேஜில் சொல்வதற்காக உங்கள் நம்பரைத் திறந்திருக்கிறேன். அதற்கு மட்டும்.

அனு


சிதம்பரம்,
23.6.2025

மாமா,

சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் பஸ் ஏறிய பிறகு நடந்ததையெல்லாம் எழுத வேண்டும். கை நிற்கவில்லை.

இன்னும் கண்ணிலேயே இருக்கிறது, கோணலை அளக்கும் அந்த டயல் கேஜ். இடது டிஸ்க்கைச் சுற்றியபோது முள் மூன்று கோடு நகர்ந்தது. வலது டிஸ்க்கில் பன்னிரண்டு! ஐந்தைத் தாண்டக் கூடாது என்று நீங்கள் சொன்னதும் நான் துள்ளியதைப் பார்த்துத் தெருவே எட்டிப் பார்த்தது. டிஸ்க்கைக் கழற்றினால் பின்னால் பத்தை பத்தையாகத் துரு. அதை நீங்கள் தேய்த்துத் தேய்த்து எடுத்தீர்கள். புது டிஸ்க் இரண்டையும் வைத்து மறுபடி அளந்ததும் இரண்டு பக்கமும் முள் அசைந்தும் அசையாமலும் நின்றது.

நீங்கள் போனதும் பைபாஸுக்குப் போனேன். புது டிஸ்க்குக்கு நீங்கள் சொன்னபடி முதலில் பலமுறை மெதுவாகப் பிடித்துப் பழக்கினேன். பிறகு எண்பது. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன், யாரும் இல்லை. மிதித்தேன். ஒன்றுமே இல்லை மாமா! ரோட்டின் பொடிக்கல் மட்டும் உள்ளங்கையில் தெரிந்தது. எழுபது, அறுபது, ஐம்பது, நாற்பது. திரும்பி வந்து மறுபடி. ஆறு தடவை! ஸ்ரீதர், "போதும் அனு, டிஸ்க் தேஞ்சிடப் போவுது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை புவனகிரிக்காரர் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்ரீதர் வாசலிலேயே அவரை நிறுத்தி, "மன்னிச்சிக்குங்க சார், விக்கறதா இல்ல. இது எம்பொண்டாட்டி வேலைக்குப் போற வண்டி" என்றார். வந்தவருக்குக் காபி கொடுத்து அனுப்பினோம். இன்றைக்கு ஸ்ரீமுஷ்ணம் பக்கம் ஏழு வயலில் மண் எடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். சனிக்கிழமை நீங்கள் வீல் நட்டை விரலால் ஏற்றும்போது மூன்று முறை கீழே விழுந்தது. விழுந்தது உங்களுக்குத் தெரியவில்லை. வெறும் விரலைத் திருகிக்கொண்டிருந்தீர்கள். நான் எடுத்துக் கொடுத்த பிறகுதான் பார்த்தீர்கள். உங்கள் கைக்கு என்ன?

அனு


கடலூர் முதுநகர்,
26.6.2025

அனு,

போனில் மெசேஜாகக் கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பேன். காகிதத்தில் பொய் எழுத வரவில்லை.

வலது கை விரல் நுனிகள் மரத்துப்போயிருக்கின்றன. மூன்று வருஷமாகிறது. நட்டு கழற்றும் காற்று கன்னை இருபத்தைந்து வருஷமாகப் பிடித்த கை. அதன் அதிர்வு நரம்பைக் கொன்றுவிடும் என்று ஒருவர் சொல்லித்தான் தெரியும். டாக்டரிடம் போகவில்லை. பவானிக்குச் சொல்லவில்லை. கைக்கு உணர்ச்சி இல்லாத மெக்கானிக்கிடம் யார் வண்டி விடுவார்கள்? சட்டைப் பட்டன் போடுவதற்குக்கூட இடது கைதான். பிப்ரவரியில் உன் ஸ்டியரிங்கைப் பிடித்தபோது எனக்கு ஒன்றும் தெரியாததற்குப் பாட்டு மட்டும் காரணம் இல்லை. அது எனக்கு அன்றே தெரியும். அதனால்தான் அவ்வளவு பலமாகப் பேசினேன்.

இப்போது வேறு கவலை. டிசம்பரில் அந்த மழை வாரத்தில் இன்னும் மூன்று வண்டிக்கு டிஸ்க் போட்டேன். மூன்று பேரையும் கூப்பிட்டேன். இரண்டு வண்டி வந்தது. கழற்றி அளந்தேன், நன்றாக இருக்கிறது. மூன்றாவது ஸ்ரீமுஷ்ணம் வைத்திலிங்கத்தின் வண்டி. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வாராவாரம் சென்னை போகிறவர். "நல்லா ஓடற வண்டிய எதுக்குப்பா கழட்டணும்?" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆயில் மாற்ற வருகிறார். நான் ஓட்டிப் பார்த்தால் தெரியாது. அவருக்கும் தெரியவில்லை.

நீ வந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். கடலூருக்கு வர மாட்டேன் என்று எழுதியிருந்தாய். தெரிந்துதான் கேட்கிறேன். பவானியிடம் கையைப் பற்றி இன்று சொல்லிவிடுகிறேன்.

மாமா


சிதம்பரம்,
30.6.2025

மாமா,

வந்தேன், ஓட்டினேன், போய்விட்டேன் என்று ஆகிவிட்டது. கூட்டத்தில் உங்களிடம் சரியாகப் பேசவே முடியவில்லை.

தேவனாம்பட்டினம் ரோட்டில் அந்தக் காரை ஓட்டும்போது எனக்குள் ஒரே கேள்விதான். ஒன்றும் இல்லாவிட்டால்? முதல் தடவை பிடித்தபோது தெரியவில்லை. இரண்டாவது தடவை பிடியைத் தளர்த்தி, விரல்களை மட்டும் ஸ்டியரிங்கில் வைத்தேன். அறுபதில் வந்தது. மிக மெல்லிய நடுக்கம், கொதிக்கும் பால் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டால் வருமே, அது மாதிரி. திரும்பி வந்து உங்களிடம் "இருக்கு மாமா" என்றேன்.

வைத்திலிங்கம் என்னைப் பார்த்தபடிதான் நின்றார். அவர் சொன்னதை முழுதாகப் படித்தேன். "காது கேக்காத பொண்ணு சொல்லுதுன்னு என் வண்டிய பிரிச்சிப் போடுவியா நீ?"

 மறுபடியும் அதே வாசல், அதே மாதிரி ஆட்கள். அப்போது நீங்கள் எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றீர்கள். உங்கள் முதுகுதான் தெரிந்தது. நீளமாகப் பேசினீர்கள். வலது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினீர்கள். டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் டம்ளரைக் கீழே இறக்கினார்கள். வைத்திலிங்கத்தின் முகம் மாறியது. அக்கா வாசற்படியில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என்ன என்று கேட்டால், "ஒங்க மாமாவையே கேளு" என்கிறாள். இருட்டுவதற்குள் ஊர் திரும்ப வேண்டியிருந்ததால், முள் எத்தனை கோடு காட்டியது என்றும் தெரியாமல் வந்துவிட்டேன்.

என்ன சொன்னீர்கள்?

அனு


கடலூர் முதுநகர்,
3.7.2025

அனு,

நான் திரும்பி நின்றிருக்கக் கூடாது. உனக்குத் தெரிகிற மாதிரி நின்று சொல்லியிருக்க வேண்டும். அதனால் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். பவானியைக் கேட்டுச் சரிபார்த்துவிட்டேன்.

"அண்ணே, பிப்ரவரி மாசம் இதே எடத்துல நானும் இதத்தான் சொன்னேன். முப்பது பேரு சிரிச்சாங்க. அது சொன்னதுதான் நெசம், நான் சொன்னது பொய்யி. அது வண்டிய கெடுத்தவனே நான்தான். இதோ பாருங்க எங்கைய. விரலு மரத்துப்போயி மூணு வருசம் ஆச்சு, ஊசிய வச்சி குத்துனாலும் தெரியாது. இந்தக் கையாலதான் ஒங்க வண்டிக்கும் டிஸ்க் போட்டேன். இனிமே என் வேலைய நானே நம்ப மாட்டேன், அது கை வச்சி சரின்னு சொல்ற வரைக்கும். வீல கழட்டுறேன். ஒண்ணும் இல்லன்னா இந்த ஒர்க்‌ஷாப் சாவிய ஒங்க கையில குடுத்துடறேன்."

 அந்த நாலு பேரும் என் வாடிக்கைக்காரர்கள். வைத்திலிங்கம் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். பிறகு, "கழட்டு" என்றார்.

நீ சாப்பிட உள்ளே போயிருந்தபோதுதான் அளந்தேன். இடது முன் சக்கரம், ஒன்பது கோடு. அவர் கேஜைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். அதற்குள் நீ கிளம்பிவிட்டாய்.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போனேன். பவானி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கன்னைத் தொடவே கூடாது என்றுவிட்டார். உணர்ச்சி திரும்புமா என்பதைச் சொல்ல முடியாதாம், இதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாமாம். அந்த நாலு பேரில் ஒருவர் வண்டியை வேறு இடத்துக்கு எடுத்துப் போய்விட்டார். மூன்று பேர் போகவில்லை.

நேற்று வைத்திலிங்கம் போன் செய்தார். பிரேக் வெண்ணெய் மாதிரி பிடிக்கிறதாம். தம்பி வண்டியில் ஏதோ ஆட்டம் இருக்கிறதாம், எந்த மெக்கானிக்கும் ஒத்துக்கொள்ளவில்லையாம். "ஞாயித்துக்கெழம கொண்டாந்தா அந்தப் பொண்ணு பாக்குமா?" என்றார்.

நான் உனக்காகப் பதில் சொல்லவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்கிறேன். பார்ப்பாயா, அனு?

கொளஞ்சியப்பன்